பருவ ஊசி, கறவை ஊசி, கறிக்கோழி: டாக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊசியைப் பற்றியவை. மாட்டுக்கு ஊசி, எருமைக்கு ஊசி, கோழிக்கு ஊசி, மீனுக்குக்கூட ஊசி. அதனால் இந்த முறை ஹார்மோன் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மடிநோய், கழிச்சல் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருந்தகத்துக்குப் போங்கள்.

எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு, மூன்றாம் ஈத்து. கன்று போட்டு ஐந்து மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு ஒரு ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் கத்தியது. அதே ஊசியை மெடிக்கலில் வாங்கித் தெரிந்தவரை வைத்துப் போட்டேன். பத்து நாளாகியும் ஒன்றும் காணோம். மருந்து போலியா டாக்டரம்மா?
— எம்.எஸ்., பவானி

மருந்து அசலாகத்தான் இருக்கும். உங்கள் மாட்டின் சினைப்பையில் அதற்கு வேலை இருந்திருக்காது. மூன்றாம் நாள் கத்தியது என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் வாங்கியது புரோஸ்டாகிளாண்டின். அது பருவத்தை உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் கரைக்கும், அவ்வளவுதான்.

எதைக் கரைக்கும் என்று சொல்கிறேன். பருவத்தின்போது சினைமுட்டை வெடித்து வெளியேறுகிறது. அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சதைத் திரள் வளர்கிறது. கார்ப்பஸ் லூட்டியம் என்று பெயர். அது புரோஜெஸ்டிரானைச் சுரந்து கருப்பையைச் சினைக்குத் தயாராக வைத்திருக்கும். அடுத்த பருவம் வராதபடி மூளையையும் அடக்கி வைக்கும். பதினாறு, பதினேழாம் நாள்வாக்கில் கருப்பை பார்க்கிறது: கரு வந்ததற்கான அறிகுறி இல்லை. உடனே தானே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்த மஞ்சள் திரளைக் கரைத்துவிடுகிறது. புரோஜெஸ்டிரான் இறங்குகிறது, அடுத்த முட்டையைச் சுமக்கும் முட்டைப்பை பருக்கிறது, அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, மாடு கத்துகிறது. 21 நாள் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. கரு இருந்தால் அது இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தை வெளியிட்டு, ‘கரைக்காதே, நான் இருக்கிறேன்’ என்று கருப்பைக்குத் தகவல் கொடுத்துவிடும்.

திரளைக் கரைப்பது கருப்பைதான் என்ற சந்தேகத்துக்கு வழி திறந்தது 1923-இல் லியோ லோப் செய்த சோதனை. கினிப்பன்றிகளின் கருப்பையை எடுத்துவிட்டுப் பார்த்தார். மஞ்சள் திரள் கரையாமல் நீடித்தது. கரைக்கிற பொருள் புரோஸ்டாகிளாண்டின் என்று தெரிந்து, அது ஊசி மருந்தாக வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

இப்போது உங்கள் மாட்டுக்கு வருவோம். பக்கத்துத் தோட்டத்து மாட்டின் சினைப்பையில் மஞ்சள் திரள் இருந்திருக்கிறது. அந்த மாடு பருவத்துக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஊசி திரளைக் கரைத்தது, பருவம் வெளியே தெரிந்தது. உங்கள் மாட்டில் பெரும்பாலும் சினைப்பை வெறுமையாக இருக்கும். ஆசனவாய் வழியாகக் கையை விட்டுத் தடவும்போது திரள் இருந்தால் சினைப்பையின் மேல் மேடு தட்டுப்படும். வெறும் சினைப்பை அவரைக்கொட்டை மாதிரி சிறுத்து வழுவழுவென்று விரலில் நழுவும். பால் கூடுதலாகக் கறந்து, உடம்பு இளைத்து, சோளத்தட்டை மட்டும் தின்கிற மாடுகளில் இது சகஜம். உடம்பில் இருப்பு இல்லை என்று தெரிந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தன் ஹார்மோன் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து, முட்டையை முற்றவைத்து வெடிக்கச் செய்யும் எல்.எச். ஹார்மோன் போதுமான அளவு வராது, முட்டைப்பை பாதியிலேயே சுருங்கிப்போகும். இந்த நிலையில் புரோஸ்டாகிளாண்டின் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் கரைக்க எதுவும் இல்லை. திரள் இருந்தாலும் பருவம் முடிந்த முதல் நான்கைந்து நாளில் அது பிஞ்சாக இருக்கும். அப்போதும் ஊசி பிடிக்காது.

இதைவிட மோசமான மூன்றாவது சாத்தியம் ஒன்று இருக்கிறது. மாடு சினையாக இருக்கலாம். எப்போதோ காளை சேர்ந்தது யாருக்கும் தெரியாமல் போவது நம் ஊரில் புதிதல்ல. சினை மாட்டுக்கு இந்த ஊசி போட்டால் கரு கலைந்துவிடும். அதனால்தான் கையை விட்டுப் பார்க்காமல், அல்லது ஸ்கேன் எடுக்காமல் இந்த ஊசியைத் தொடக்கூடாது என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்த அல்ல. இந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பமாக இருக்கும் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் குப்பியை உடைப்பது, ஊசியில் ஏற்றுவது, சிந்தியதைத் துடைப்பது எதையும் செய்யக்கூடாது. மற்றவர்கள் கையில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மெடிக்கலில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது: முதலில் பரிசோதனை. சினைப்பை வெறுமை என்றால் பசுந்தீவனம், அடர்தீவனம், தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை. உடம்பு தேறத் தொடங்கிய பிறகு புரோஜெஸ்டிரான் சாதனத்தைப் பிறப்புறுப்பில் சில நாள் வைத்து எடுக்கும் முறை இருக்கிறது. டாக்டர் முடிவு செய்வார்.

பருவம் வந்தால் கண்டுபிடிப்பதும் ஒரு வேலை. மற்ற மாட்டின் மேல் ஏறுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தன் மேல் ஏறும்போது விலகாமல் நிற்கும் மாடுதான் உறுதியாகப் பருவத்தில் இருக்கிறது. கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகும். காலையில் பார்த்தால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் பார்த்தால் மறுநாள் காலையில். முட்டை வெடிப்பது பருவ அறிகுறிகள் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்பதால் இந்தக் கணக்கு. பருவம் முடிந்து இரண்டு மூன்று நாளில் லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். பருவம் வந்து போய்விட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து பதினெட்டு நாள் எண்ணிக் காத்திருங்கள்.

கொடுமுடிப் பக்கம் ஒரு பாட்டி கொட்டில் சுவரில் கரிக்கட்டியால் ஒவ்வொரு மாட்டுக்கும் கோடு போட்டு வைத்திருப்பார். கத்திய நாளுக்கு ஒரு கோடு, சினை ஊசி போட்ட நாளுக்குக் குறுக்குக் கோடு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைத்தான் முதலில் காட்டுவார். அந்தக் கொட்டிலில் பரிசோதனை எனக்குப் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

எங்களுக்குப் பால் ஊற்றுபவர் கறப்பதற்கு முன் எருமைக்கு ஒரு ஊசி போடுவதைப் பார்த்தேன். அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
— கே. ஆர்., திருவள்ளூர்

அது ஆக்ஸிடோசின். மடியில் பால் இரண்டு இடங்களில் நிற்கிறது. காம்புக்கு மேலே உள்ள அறையில் கொஞ்சம், மீதியெல்லாம் நுண்ணிய பால் பைகளில். பசுவில் மேலறையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பால் இருக்கும். எருமையில் 5 சதவீதம்தான். மீதி இறங்கி வர ஆக்ஸிடோசின் சுரந்து அந்தப் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைப் பிழிய வேண்டும். கன்று முட்டும்போது, மடியை வெந்நீரில் கழுவித் தேய்க்கும்போது, தீவன வாளியின் சத்தம் கேட்கும்போதுகூட இது தானாகச் சுரக்கும். கன்று செத்துப்போன மாட்டின் முன்னால் வைக்கோல் கன்று நிறுத்திக் கறந்தார்களே, அதுவும் இந்த வேலைதான்.

மாடு மிரண்டால் கதை மாறும். அட்ரினலின் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். 1941-இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கறக்கும் நேரத்தில் பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. கறவையில் கூச்சல் போடுகிறவர்கள், கழியால் தட்டுகிறவர்கள் கவனிக்கவும். பூனைக்கு என்ன ஆனது என்று எனக்கும் கேட்கத் தோன்றும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார், 1955-இல் நோபல் பரிசும் வாங்கினார். ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். பாலில் சிறிது வந்தாலும் வயிற்றிலும் குடலிலும் மற்ற புரதங்களைப் போலவே சிதைந்துபோகும். எனவே குழந்தை வயதுக்கு வந்துவிடும், அது இது என்று பரவுகிற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

என் கோபம் எருமையின் பக்கம் நின்றுதான். தினம் இரண்டு வேளை ஊசிக்குப் பழகிய எருமை பிறகு ஊசி இல்லாமல் பால் விடாது. ஒரே ஊசி முனை கொட்டில் முழுக்கச் சுற்றி வரும். மருந்து எந்தப் பாட்டிலில் எந்தத் தண்ணீரில் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. இதையும் சொல்லிவிடுகிறேன்: ஊசி பாலை உற்பத்தி செய்வதில்லை, மடியில் இருப்பதை மட்டும் இறக்குகிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், உடல்நலம் கெடும்படி கறவைக்கு ஊசி போடுவது தண்டனைக்குரிய குற்றம். அதே பிரிவில் ‘பூக்கா’ என்ற பழைய வழக்கமும் இருக்கிறது: மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் கறப்பது. அந்த உறுப்பு விரிந்தாலும் மூளை ஆக்ஸிடோசினை விடும். ஹார்மோனின் பெயரே தெரியாத காலத்தில் இந்தக் கொடுமையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பால்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கன்றை ஒரு நிமிடம் முட்டவிட்டு, மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, கையில் அடர்தீவனத்தோடு உட்காரச் சொல்லுங்கள்.

கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் சொல்கிறார்கள். உண்மையா?
— இரு குழந்தைகளின் தாய், திருப்பூர்

இல்லை. ஆயிரக்கணக்கான கோழி அடைந்த கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து தினமும் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. வளர்ச்சி ஹார்மோன் புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப்போகும். ஊசியாகப் போட்டாலும் கறிக்கோழியின் எடை பெரிதாகக் கூடுவதில்லை.

அப்படியென்றால் நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி? இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனம் போட்டு 56 நாள் வளர்த்தார்கள். எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்று, கொட்டகை ஒன்று. மாறியது பரம்பரை மட்டும்.

ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. அமெரிக்காவில் 1940-களிலிருந்து டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் குளிகையைச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். கறி மிருதுவாகவும் கொழுப்பாகவும் வரும் என்று. அந்தக் கோழித் தலைகளைத் தீவனமாகத் தின்ற மிங்க் விலங்குகள் குட்டி போடாமல் நின்றுபோயின. 1959-இல் கோழிக்கு அந்த மருந்தை நிறுத்தினார்கள். அந்தக் கதைதான் உருமாறி வாட்ஸப்பில் சுற்றுகிறது போல.

பெண் குழந்தைகளின் பருவ வயதோடு தொடர்புடையது என்று நன்றாகத் தெரிந்த ஒன்று உடல் பருமன். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால் கோழியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். கோழிப்பண்ணையிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாடிக் பற்றியது. அது தனிக் கடிதத்துக்கு உரியது.

சிறுவிடைக் கோழி அடையில் உட்கார்ந்துவிட்டது. குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும். மாமியார் தண்ணீரில் முக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு ஆயா மூக்கில் இறகு செருகச் சொல்கிறார். இன்னொன்று, இரவில் விளக்கு போட்டால் முட்டை கூடுமா?
— ஜே. பி., சிவகங்கை

மாமியாரையும் ஆயாவையும் மரியாதையாகத் தவிர்த்துவிடுங்கள். அடைக்கோழியை உட்கார வைத்திருப்பது பிட்யூட்டரியிலிருந்து வரும் புரோலாக்டின். வயிற்றில் இறகு உதிர்ந்த வெறுந்தோலில் முட்டை படப்பட அது ஏறும். ஏறினால் முட்டையிடும் ஹார்மோன்கள் அடங்கும். அந்தத் தொடுகையை வெட்டினால் போதும். அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வைக்கோல் வேண்டாம், முட்டை வேண்டாம், வெளிச்சம் வேண்டும், தீனியும் தண்ணீரும் தாராளமாக. அடியில் காற்றோடி வயிறு குளிரும், உட்கார வசதி இருக்காது. சில நாளில் கொக்கரிப்பு அடங்கி எழுந்துவிடும். முட்டைக்குத் திரும்ப இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வெள்ளை லெக்ஹார்ன் இனக் கோழியில் இந்தத் தொல்லையே இல்லை. அடை காக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். உங்கள் சிறுவிடை அந்தக் குணத்தை விடாமல் வைத்திருக்கிறது. அடுத்த முறை பத்து முட்டை வைத்து விட்டுத்தான் பாருங்களேன்.

விளக்கு: நாமக்கல் பண்ணைகளில் பகலையும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் பகல் பதினொன்றரை மணியிலிருந்து பதின்மூன்று மணிக்குள் இருப்பதால் மீதி விளக்கு. இதில் வேடிக்கை, வெளிச்சம் கண் வழியாகப் போக வேண்டும் என்பதே இல்லை. 1930-களில் பிரான்ஸில் ஜாக் பெனுவா வாத்துகளிடம் காட்டினார்: கண் இல்லாத வாத்துக்கும் மண்டையோடு வழியாக வெளிச்சம் மூளையைத் தொட்டால் இனப்பெருக்க உறுப்பு வளர்கிறது. உங்கள் நாலு கோழிக்குக் கரண்ட் பில் கட்டுப்படியாகுமா என்பது வேறு கணக்கு.

யானைக்கு மதம் பிடிப்பது பெண் யானையைப் பார்த்தா?
— பிளஸ் டூ மாணவர், கூடலூர்

இல்லை, பெண் யானை பக்கத்தில் இல்லாவிட்டாலும் வரும். டெஸ்டோஸ்டிரான் பல மடங்கு ஏறி, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பி வழிந்து, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நன்றாகத் தின்று கொழுத்த ஆணுக்கு நீண்ட மதம். அதனால்தான் பாகர்கள் அப்போது தீனியைக் குறைப்பார்கள். பெண் யானை தன் பருவத்தைச் சிறுநீரில் ஒரு வாசனைப் பொருளாக அறிவிக்கிறது. 1996-இல் பெட்ஸ் ராஸ்முசன் குழு அது என்னவென்று கண்டபோது பல அந்துப்பூச்சிகள் ஆணை அழைக்கப் பயன்படுத்தும் அதே பொருளாக இருந்தது. தேர்வில் வராது, ஆனால் தெரிந்துகொள்.

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டேன். வயிற்றில் முட்டை இருக்கிறது, குஞ்சு மட்டும் இல்லை. கூப்பிடாமல் வந்த ஜிலேபி மீன் (திலேப்பியா) மட்டும் குட்டை நிறையப் பெருகிவிட்டது!
— வி. டி., ஒரத்தநாடு

ஜிலேபிக்குத் தேங்கிய தண்ணீர் போதும். கட்லா, ரோகு ஆற்று மீன்கள். புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். குட்டையில் முட்டை முற்றுகிறவரை போகும், கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும். மீனின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் எல்.எச். வெளியேறாமல் பிடித்து வைத்திருக்கிறது. இதைக் கடக்க 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற இடத்தில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஒரு வழி கண்டார்கள். வேறு மீன்களின் மண்டையிலிருந்து பிட்யூட்டரியை எடுத்து அரைத்து ஊசியாகப் போட்டார்கள், மீன் முட்டையிட்டது. ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமானது இதனால்தான். இப்போது குஞ்சுப் பொரிப்பகங்களில் செயற்கை ஹார்மோனோடு டோம்பெரிடோன் கலந்து போடுகிறார்கள். ஆமாம், நாம் வாந்திக்குப் போடுகிற அதே டோம்பெரிடோன். டோபமைனின் பிடியைத் தளர்த்துவது அதுதான். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். குஞ்சுகளை விலைக்கு வாங்கி விடுங்கள், ஜிலேபியைப் பிடித்துச் சாப்பிடுங்கள்.

மாடு இரட்டைக் கன்று போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரிக்கு இரண்டு வயது தாண்டியும் பருவம் வரவில்லை. பருவ ஊசி போட்டுப் பார்க்கலாமா?
— எஸ். என்., தாராபுரம்

வேண்டாம். காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். கருப்பையில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் ஒட்டிக்கொள்கின்றன. காளையின் விரை முதலில் வளர்ந்து, பெண் உறுப்புகளைத் தடுக்கும் ஹார்மோனை விடுகிறது. அது கிடேரிக்கும் போய்ச் சேர்ந்து அதன் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் செய்கிறது. 1916-இல் சிகாகோவில் ஃபிராங்க் லில்லி, இறைச்சிக் கூடத்துக்கு வந்த கருப்பைகளைத் திறந்து பார்த்து இந்த ரத்தக்குழாய் இணைப்பையே காரணமாகச் சொன்னார். வேலை செய்ய உறுப்பே இல்லாத இடத்தில் ஊசி என்ன செய்யும்?

டாக்டரை வைத்து ஒரு முறை பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள். இனி இப்படிக் கன்று பிறந்தால் சில வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம். மழுங்கிய முனையுள்ள கண்ணாடிக் குழாயை எண்ணெய் தடவி மெதுவாகச் செலுத்தினால், இயல்பான கன்றில் போகிற ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். இதையும் டாக்டரே செய்யட்டும். ஆட்டில் இந்தப் பயம் தேவையில்லை. இரட்டைக் குட்டி போடும் ஆடுகளில் அந்த ரத்தக்குழாய் இணைப்பு அபூர்வம். கிடாக்குட்டியோடு பிறந்த பெட்டையைத் தாராளமாகப் பட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.